மாமா மூக்கைச் சொறிந்த நாள்

மாமா இறந்து ஒரு மாதமாகிறது. அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு, தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் எல்லோருமாக உட்கார்ந்து, ரோல்ஸும் தேநீருமாக அவருடைய பகிடிகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ட்ராமில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டபோது மாமா கண்ணை மூடிக்கொண்டு தமிழில் செபமாலை சொல்லத் தொடங்க, டிக்கெட் பார்க்க வந்தவர் பயந்து அடுத்த தரிப்பில் இறங்கிப்போன கதை. புதிதாக வந்த ஒருவரிடம், இந்த நாட்டில் முதல் பனி கொட்டினால் நகரசபைக்குத் தொலைபேசியில் அறிவிக்கவேண்டும் என்று சொல்லி நம்பவைத்த கதை. ஒருவர் முடிக்க இன்னொருவர் தொடங்கினார். அழுதுகொண்டு சிரித்தார்கள்.

என்னிடம் ஒரேயொரு கதைதான் இருந்தது. அது பகிடியா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அப்பா ஒரு மூலையில் இருந்து ஒவ்வொருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரித்தால் கொஞ்சம் பிந்தி அவரும் சிரித்தார். அப்பாவுக்குக் காது போன கதைதான் அது.

அப்போது எனக்கு ஏழு வயது. ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா ஒரு களஞ்சியத்தில் ஸ்டாப்ளர் ஓட்டினார். ஸ்டாப்ளர் என்றால் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற, முன்னால் இரண்டு இரும்புக் கைகள் உள்ள வண்டி. அதற்கு முன்பு அதே களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஸ்டாப்ளருக்கு ஏறியதை அம்மா ஊரெல்லாம் தொலைபேசியில் சொன்னாள். விமானம் ஓட்டுகிறவருக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

அந்த வருடம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. தடிமன் காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தார், வேலைக்குப் போனார், வந்து நடுங்கிக்கொண்டு படுத்தார். ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்குள்ளே கதவு மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் கிருமி பிடித்துவிட்டது என்றார்கள். அங்கேயே வாரக்கணக்கில் வைத்து, கையில் ஊசி ஏற்றி, பைபையாக மருந்து விட்டார்கள். கிருமியைக் கொல்லுகிற மருந்துகளில் ஒன்று மிகவும் கடுமையானது. அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள், காதையும் பார்த்தார்கள். காதை ஏன் பார்க்கிறார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

முதல் தடவை காதுப் பரிசோதனைக்கு அம்மாதான் கூடப் போனாள். அது மருந்து தொடங்கிய நாட்களில். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வந்து மாமாவிடம் சொன்னபோது மாமாவின் முகம் மாறிவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பீலெஃபெல்டில் பாதித் தமிழருக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். தன்னுடைய ஜெர்மனை அந்தக் குசினியில்தான் படித்தார். அதனால் அதில் திட்டு நன்றாக இருக்கும், இலக்கணம் அவ்வளவாக இருக்காது. ஆனால் பரிசோதனை, சோதனை, ரெஸ்ற் என்று எது வந்தாலும் ஆட்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். வாகனம் ஓட்டுகிற சோதனை, மொழிச் சோதனை, பல்லுச் சோதனை கூட. அகதி விசாரணையில் இரண்டு தரம் மறுக்கப்பட்டு மூன்றாம் தரம் தப்பியவர் அவர். இந்த நாட்டில் ஒரு கதிரையில் இருத்தி உங்களிடம் எதையாவது கேட்டார்கள் என்றால், அதில் பாஸ் பண்ணவேண்டும், இல்லாவிட்டால் எதையாவது பறிப்பார்கள். இதுதான் அவர் படித்த பாடம். அப்பாவும் அதையேதான் படித்திருந்தார்.

"காதை ஏன் அக்கா பாக்கினம்? வருத்தம் நெஞ்சிலையெல்லோ?" என்று மாமா கேட்டார்.

"மருந்துக்காகப் பாக்கினமாம்."

"அப்பிடித்தான் சொல்லுவினம். சிரிச்சுக்கொண்டு கேக்கிற கேள்விக்குத்தான் கவனமாய்ப் பதில் சொல்லவேணும்."

அவருக்குக் காரணம் இருந்தது. ஸ்டாப்ளர் கொடுக்க முன்பு, கம்பனி வைத்தியர் அப்பாவின் கண்ணையும் காதையும் பார்த்திருந்தார். அப்பாவோடு போன இன்னொரு தமிழ் அண்ணைக்குக் காது சரியில்லை என்று எழுதித் திருப்பி ஒட்டுநாடாவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஆகவே காதைப் பார்க்கிறார்கள் என்றால் அது ஸ்டாப்ளருக்குத்தான். ஆஸ்பத்திரி கம்பனிக்குச் சொல்லும், கம்பனி வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லும். மாமா விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "காது போனா ஸ்டாப்ளர் போகும். ஸ்டாப்ளர் போனா வேலை போகும். வேலை போனா விசா போகும். பிறகு நெஞ்சைச் சுகப்படுத்தி என்ன செய்யிறது?"

எனக்கு அது ஒரு பாட்டு மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு துள்ளித் துள்ளிப் போனேன்.

அம்மாவுக்குப் பின்னேரங்களில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற வேலை. அதனால் பள்ளி முடிந்ததும் மாமாதான் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒருநாள் போனபோது அப்பா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் முகம் சரியில்லை.

"என்ன அத்தான், கோழி களவு குடுத்த ஆள் மாதிரி இருக்கிறியள்?" என்றார் மாமா.

அப்பா பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துவிட்டு, தமிழ் அந்த மனிதருக்கு விளங்கிவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "காதுக்குள்ளை இரைச்சலடா. சில்வண்டு கத்திற மாதிரி. படுத்தாலும் நிக்குதில்லை."

"டொக்டரிட்டைச் சொன்னியளோ?"

"உனக்கென்ன விசரோ? நாளைக்கு உவங்கள் திரும்பக் காது பாக்கப் போறாங்கள்."

மாமா அப்பாவின் காலைத் தட்டினார். "யோசியாதேங்கோ. நான் வாறன்."

"கொக்காவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார் அப்பா. மாமாவின் அக்காவான அம்மாவைத்தான் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைப் பூட்டித் திறப்பை யன்னலுக்கு வெளியே எறிந்து காட்டினேன். இருவரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பெரியவர்களின் இரகசியத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்த நாள் அது.

அடுத்த நாள் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடையோடையில் காத்திருந்தபோது மாமா குனிந்து அப்பாவுக்கு வகுப்பெடுத்தார். "நான் மூக்கைச் சொறிஞ்சா பொத்தானை அமத்துங்கோ. சொறியாட்டி அமத்தாதேங்கோ. என்ரை மூக்கை மட்டும் பாருங்கோ, வேறை ஒண்டையும் பாக்கவேண்டாம். விளங்குதே?"

"உன்ரை மூக்கை விட்டால் பாக்க அங்கை வேறை என்ன கிடக்கு?"

"கடைசியிலை ரெண்டு மூண்டை நான் விட்டிடுவன். எல்லாத்தையும் சரியாய்ச் செய்தா சந்தேகப்படுவாங்கள்."

பரிசோதனை செய்த பெண் இளம் வயதுக்காரி. எனக்கு ஒரு கைநிறையப் பழ இனிப்புத் தந்தாள். சொந்தக்காரர் வெளியில்தான் நிற்கவேண்டும் என்று சொன்னாள். அவருக்குப் பாஷை தெரியாது, பயப்படுவார், நாங்கள் நின்றால்தான் நல்லது என்று மாமா சொல்ல, சரி, சத்தம் போடாமல் நில்லுங்கள் என்று விட்டுவிட்டாள். நல்ல பெண். அவளில் ஒரு பிழையும் இல்லை.

அப்பாவை ஒரு சிறிய அறைக்குள் இருத்தி, பெரிய ஹெட்ஃபோன் போட்டு, கையில் பொத்தான் வைத்த கட்டை ஒன்றைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த அறைக்குக் கண்ணாடி யன்னல் இருந்தது. அவள் வெளியே யன்னலுக்கு முன்னால் ஒரு கருவியோடு இருந்தாள். சத்தம் அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் கருவியில் ஒரு பச்சை வெளிச்சம் வந்துபோனது. மாமா அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றார். அங்கிருந்து பச்சை வெளிச்சம் தெரியும். அப்பாவுக்கும் அங்கிருந்து மாமா தெரிவார்.

தொடங்கமுதல் அவள் கதவை மறுபடி திறந்து, ஹெட்ஃபோனை விலக்கி ஒரு கேள்வி கேட்டாள். மாமா உள்ளே எட்டிப் பார்த்து உரத்துச் சொன்னார்: "காதுக்குள்ளை இரைச்சல் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா, அத்தான். தலைச்சுத்து இருக்கோ எண்டும் கேக்கிறா. இல்லையெண்டு சொல்லுங்கோ."

"நைன்" என்றார் அப்பா. இல்லை என்பதற்கான அந்த ஜெர்மன் சொல்லை மட்டும் அப்பா பிறந்த நாட்டுக்காரர் மாதிரி உச்சரிப்பார்.

பிறகு நடந்தது என் சின்ன வயதில் நான் பார்த்த மிகப் பெரிய வித்தை. பச்சை வெளிச்சம் வந்தது. மாமா மூக்கைச் சொறிந்தார். அப்பா அமத்தினார். வெளிச்சம் வந்தது, மாமா மூக்கைத் தடவினார், அப்பா அமத்தினார். அந்தப் பெண் குனிந்து குறித்துக்கொண்டேயிருந்தாள். மாமா ஒருதடவை உண்மையாகவே தும்மப் போய், மூக்கைப் பிடித்துவிட்டார். அப்பா உடனே அமத்திவிட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா கைக்குட்டையை எடுத்து, பூக்களைக் குற்றம் சொல்வதுபோல தெருப்பக்க யன்னலைக் கையால் காட்டினார். அவள் தனக்கும் வசந்த காலத்தில் அப்படித்தான் என்று அனுதாபமாகத் தலையாட்டினாள். நான் இனிப்புகளை வாய்க்குள் அடைத்து, சிரிப்பு வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் மாமா சொன்னபடியே இரண்டு மூன்றை விட்டார். அவள் எழும்பிக் கதவைத் திறந்து, மிகவும் நல்லது, உங்கள் வயதுக்கு மிகவும் நல்லது என்றாள்.

அப்பாவுக்கு எவ்வளவு கேட்கிறது என்று அவள் குறித்து வரைந்த படம் மருந்து தருகிற வைத்தியர்களிடம் போனது. படம் நன்றாக இருந்ததால் மருந்தும் அப்படியே தொடர்ந்தது. இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நடையோடையில் சக்கர நாற்காலியை மாமா ஓட்டமாகத் தள்ளியதும், மூன்று பேரும் மூச்சுவிட முடியாமல் சிரித்ததும்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "டேய், சிரிக்கப்பண்ணாதை, கதவு கழண்டிடும்" என்றார். மாமா எனக்குச் சூடான கொக்கோ வாங்கித் தந்தார். அப்பாவை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இதயம் சுகமாகித்தான் அப்பா வீட்டுக்கு வந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. அந்த மருந்துதான் அவரை உயிரோடு திருப்பித் தந்தது. அதையும் சொல்லவேண்டும்.

முதலில் போனது சின்னச் சின்னச் சத்தங்கள். வாசல் மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. மைக்ரோவேவ் கூப்பிட்டது கேட்கவில்லை. பிறகு என் குரல். நான் மற்றப் பிள்ளைகளைவிடக் கீச்சுக் குரலில் கதைப்பேனாம். "அப்பா" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். அம்மா தடித்த குரலில் கூப்பிட்டால் திரும்புவார். ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா என்னில் கோபமாக வந்திருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வரைந்த படங்களைக் கொண்டுபோய் அவருடைய தலையணைக்குக் கீழே வைத்தேன்.

அதோடு நடையும் மாறியது. பகலில் பரவாயில்லை. இருட்டத் தொடங்கினால் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார். தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளையின் கொண்டாட்டத்துக்கு ஒரு மாலை போனபோது, காரை விட்டு இறங்கி மண்டபத்துக்கு வரும் வழியில் அப்பா இரண்டு பக்கமும் ஆடினார். வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் சொன்னார்: "அண்ணை இண்டைக்கு வெள்ளெனவே தொடங்கீட்டார்போலை."

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார். அம்மாவுக்குக் கேட்டது. "என்ரை மனுசன் பியர்ப் போத்திலுக்குப் பக்கத்திலை இருந்தாலே தும்முவார். உங்களை மாதிரி மனுசிக்கு ஒளிச்சுக் கார் டிக்கியிலை வைச்சுக் குடிக்கிறவர் இல்லை" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் கேக் வெட்டும்வரைகூட நிற்கவில்லை.

அந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், தொலைக்காட்சி அலறியது. நான் அப்பாவை இரண்டு மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"மாமா, மூக்கைச் சொறியுங்கோ."

"என்னம்மா?"

"நீங்கள் மூக்கைச் சொறிஞ்சால்தானே அப்பாவுக்குக் கேக்கும். சொறியுங்கோ, நான் கூப்பிடுறன்."

மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை உருவிக்கொண்டு பல்கனிக்குப் போனார். நல்ல குளிர். ஜக்கெட்டும் போடவில்லை. அம்மா உள்ளே இருந்து, "என்னடா, தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிடக் கூப்பிட அங்கேயே நின்றார். அவருக்கும் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் காது வைத்தியரைப் பார்க்க டெர்மின், அதாவது நாளும் நேரமும், எடுத்தார்கள். அம்மா வேலைக்கு லீவு போட்டாள். அப்பா, அம்மா, மாமா, நான், நான்கு பேரும் அவருடைய சின்ன அறைக்குள் போனோம். வைத்தியர் வயதான ஒரு பெண்மணி. புதிதாக ஒரு பரிசோதனை எடுத்திருந்தார்கள். அது நடந்தபோது மாமா இந்தத் தடவை தானாகவே வெளியில் நின்றிருந்தார்.

மேசையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் காது இருந்தது. வைத்தியர் அதைக் கழற்றி உள்ளே சுருண்டிருந்த ஒன்றைக் காட்டினார். ஜெர்மனில் அதற்கு நத்தை என்றுதான் பெயர். மாமா அப்படியே சொன்னார்: "காதுக்குள்ளை ஒரு நத்தை இருக்காம், அக்கா."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டாள். "மாதாவே! அது எப்ப உள்ளுக்குப் போனது?"

"போகேல்லை அக்கா. எல்லாருக்கும் பிறக்கேக்கையே இருக்காம். உனக்கும் இருக்காம்."

அம்மா தன் காதைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். வைத்தியரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அறையில் கடைசியாக யாராவது சிரித்தது அப்போதுதான்.

பிறகு அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் பெரிதாகப் படித்தவளில்லை, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனால் அந்தப் படம் எனக்கு மறக்கவில்லை. நத்தைக்குள்ளே தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீருக்குள்ளே மிகவும் நுண்ணிய உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மயிர் மாதிரிக் குச்சங்கள். சத்தம் வந்தால் தண்ணீர் அசையும், குச்சங்கள் சாயும், அதைத்தான் மூளை சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு விட்ட மருந்து இரத்தத்தில் இருந்து அந்தத் தண்ணீருக்குள் போய், அந்த உயிரணுக்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. இரத்தத்தை விட்டுப் போனாலும் அங்கேயிருந்து இலேசில் போகாது. அவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றுவிடும். நத்தையின் வாசலில் நிற்பவை முதலில் சாகும். கீச்சுச் சத்தங்களைப் பிடிப்பவை அவைதான். நடக்கும்போது ஆளை நேரே நிறுத்துகிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கேயும் அதே கதை. எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, சிலருக்குத்தான்.

"திரும்ப முளைக்குமோ எண்டு கேள்" என்றாள் அம்மா.

மாமா கேட்டார். வைத்தியர் இல்லையென்று தலையை ஆட்டினார். பறவைகளுக்கு முளைக்குமாம். மனிதருக்கு முளைக்காதாம். காதுக்கருவி கொஞ்சம் உதவும், அதோடு ஆட்களின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகவேண்டும் என்றார்.

பிறகு அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இரண்டு படங்களையும் எடுத்து, தாம் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது படத்தில் விரலை வைத்து யோசித்தார். எனக்கு அப்போதே ஜெர்மன் நன்றாக விளங்கும். அவர் சொன்னது இதுதான்: இதுதான் எனக்குப் புதிராக இருக்கிறது. இந்த நாளில் உங்களுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. இதில் கொஞ்சம் குறைந்திருந்தால்கூட உடனே மருந்தை மாற்றியிருப்பார்கள். மாற்றக்கூடிய வேறு மருந்து இருந்தது. அதற்குத்தான் இந்தப் பரிசோதனையே செய்வது.

மாமா மொழிபெயர்ப்பதற்காக வைத்தியர் காத்திருந்தார்.

"என்னடா, என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

மாமா அந்த இரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்கு ரெஸ்றிலை பெயிலாகியிருந்தா மருந்தை மாத்தியிருப்பினமாம், அக்கா. நான்தான் மூக்கைச் சொறிஞ்சு சொறிஞ்சு பாஸ் பண்ண வைச்சனான். அத்தானுக்கு அண்டைக்கே கேக்கேல்லை."

ஒன்றையும் விடாமல் சொன்னார். விட்டிருக்கலாம். அந்த அறையில் அவர் விட்டதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். எனக்கு ஏழு வயது.

அம்மா தம்பியைப் பார்த்தாள். நான் அடி விழும் என்று நினைத்தேன். தோளைச் சுருக்கிக்கொண்டு கதிரையோடு ஒட்டினேன். அப்போது அப்பா, தன் குரல் எவ்வளவு உரத்தது என்று தெரியாமல், அறை அதிரக் கேட்டார்: "என்னவாம்?"

அம்மா எழும்பி அப்பாவின் காதோடு வாயை வைத்தாள். "காய்ச்சல்லை போனதாம். மருந்திலை இல்லையாம். ஆரும் ஒண்டும் செய்திருக்க ஏலாதாம்."

எனக்குத் திடுக்கிட்டது. பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் வைப்பேன் என்று என்னை வெருட்டுகிற அம்மா, வைத்தியருக்கு முன்னால் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறாள்.

அப்பா வைத்தியரைப் பார்த்தார். மேசையில் கிடந்த படங்களைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். "சரி, எழும்புங்கோ. பசிக்குது."

காரில் பின்னால் இருந்துகொண்டு நான் அம்மாவின் தோளைச் சுரண்டி, நீங்கள் பிழையாகச் சொல்லிவிட்டீர்கள், டொக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று கரைச்சல் கொடுத்தேன். அம்மா கையைப் பின்னால் நீட்டி என் வாயைப் பொத்தினாள். அப்பாவுக்குத் தெரியாது, யாராவது சொல்லவேண்டும் என்பதுதான் என் கவலை. கேட்காத சத்தத்துக்கெல்லாம் கேட்கிறது என்று அன்றைக்கு அமத்தியது அப்பாவின் விரல். அந்த அறையில் யாரும் அவருக்கு எதையும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. இது எனக்கு விளங்க எத்தனையோ வருடமானது.

ஸ்டாப்ளர் வேலை ஏற்கெனவே போய்விட்டிருந்தது, ஆனால் நாங்கள் பயந்த மாதிரி இல்லை. தலைச்சுற்றோடு ஸ்டாப்ளர் ஓட்ட முடியாது என்று அப்பாவே போய்ச் சொன்னார். அவர்கள் அவரைத் திரும்ப ஒட்டுநாடாவில் விட்டார்கள். விசாவை யாரும் தொடவில்லை. அதிகாரி வாழ்த்துச் சொல்லிப் புதுப்பித்துக் கொடுத்தாராம். மாமா விரல்களை மடக்கிச் சொன்னதில் ஒன்றுமே நடக்கவில்லை, முதல் விரலைத் தவிர.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டில் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். வெளியில் பழைய மாதிரித்தான் இருந்தாராம். மண்டபத்தில் அவர்கள் சொன்ன கதைகளில் பாதி நான் கேள்விப்படாதவை. எனக்கு மாமா சலித்துவிட்டார். பெரியவளான பிறகு அவர் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். போன மாதம் அந்த உணவகக் குசினியிலேயே, கோப்பைகளுக்கு நடுவில் விழுந்து இறந்துபோனார். ஒருதரம் தன்னிடம் வந்துவிட்டுப் போகச் சொல்லி அவர் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் நேரமில்லை என்றுகொண்டிருந்தேன்.

வைத்தியரிடம் போய்வந்த அடுத்த சனிக்கிழமையை நினைத்தால்தான் எனக்கு இப்போது தாங்க முடிவதில்லை. மாமாவுக்கு அப்போது பெரிய மீசை. மேல் உதட்டை மூடி, வாய் ஓரத்தில் இறங்கி நிற்கும். இளவயதில் இருந்து அவர் அதில் கத்தரி வைக்கவிட்டதில்லை, தேநீர் குடித்தால் அதைத் துடைக்கவே ஒரு கைக்குட்டை வைத்திருப்பார். அன்றைக்குக் கதவைத் திறந்தபோது அந்த மீசை இல்லை. வெள்ளையாக, நாங்கள் ஒருநாளும் பார்த்திராத உதடு ஒன்று தெரிந்தது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து நின்றுவிட்டாள்.

"உரிச்ச கோழி! உரிச்ச கோழி!" என்று நான் கைகொட்டிக் கத்தினேன். மாமா வழமைபோல முத்தம் கேட்டுக் குனிந்தபோது கொடுக்கமாட்டேன் என்று ஓடிப்போய் மேசைக்குக் கீழே புகுந்தேன்.

மாமா அப்பாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி இருந்தார். தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "அத்தான், சாப்பிட்டியளோ?" என்று வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஓம், சாப்பிட்டனான்" என்றார் அப்பா, ஒரே தரத்தில். பிறகு கையை நீட்டி, அந்த வெறும் உதட்டில் விரலை வைத்துப் பார்த்தார்.

மேசைக்குக் கீழே நான் வயிறு நோக நோகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்களைச் சிரிக்கப்பண்ணத்தான் மாமா மீசையை எடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.